மணக்காத விஷம்

நாய்கூடக் கொட்டகைக்குள் வரவில்லை.

வாசலில் நின்று ஒருமுறை மோந்து பார்த்தது. தும்மியது. வந்த வழியே வாய்க்கால் கரைக்கு ஓடிவிட்டது.

உள்ளே, மோட்டார் பெட்டிக்குக் கீழே இராஜாங்கம் கிடந்தார்.

வாயோரம் நுரை. கைக்கெட்டும் தூரத்தில் பூச்சி மருந்து பாட்டில். கால்மாட்டில் கவிழ்ந்த எவர்சில்வர் டம்ளர். அதிலிருந்து வழிந்த டீ மண்ணில் காய்ந்திருந்தது.

கொட்டகை முழுக்க மருந்து நாற்றம்.

இன்ஸ்பெக்டர் மீரா உசேன் கர்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவர் சிகரெட்டை விட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அன்றிலிருந்து அவரால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, இத்தனை வருஷம் தூங்கிக் கிடந்த மூக்கு வேறு விழித்துக்கொண்டு உயிரை வாங்கியது.

"சூசைட்தான் சார்" என்றார் ஹெட் கான்ஸ்டபிள் ரெத்தினம். "மேட்டூர் திறக்கல. குறுவை போச்சு. மனுஷனுக்கு உடம்பும் சரியில்லையாம். வேறென்ன?"

"பாட்டில் மூடி எங்க?"

"பாட்டில் மேலதான் சார் இருக்கு."

"சாகப் போற ஆளு மூடியைத் திருப்பி இறுக்கி வெச்சுட்டா சாவாரு?"

ரெத்தினம் தலையைச் சொறிந்தார்.

"டீயில கலந்துட்டு மூடியிருப்பாரு. பழக்க தோஷம் சார்."

அதற்குள் வெளியே சத்தம்.

செம்பியநத்தத்தில் பாதி ஊர் வரப்பில் நின்றது. வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்ததால் யாரும் எங்கேயும் நிற்கலாம். மிதிபட ஒரு பயிர் இல்லை. முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவர் சாமிதுரை. குத்தகை விவசாயிகள் சங்கத்துத் தலைவர். தோளில் துண்டு, குரலில் மைக்செட்.

"இது தற்கொலை இல்ல. பஞ்சநதம் பண்ணுன கொலை. கைது பண்ணாம பொணத்த எடுக்க விடமாட்டோம்."

பஞ்சநதம் என்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். இராஜாங்கம் அதில் பதிவு பெற்ற குத்தகைக்காரர். இராஜாங்கத்தின் அப்பா அதே பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். சட்டம் வந்தபிறகு பெயர் பதிவில் ஏறியது. குத்தகைக்காரனோ அவன் குடும்பமோ இறங்கி உழைக்கிறவரை யாரும் நிலத்தைப் பிடுங்க முடியாது. பஞ்சநதமும் கோர்ட், கச்சேரி என்று ஏறி இறங்கிப் பார்த்துவிட்டார். ஆட்சி இந்தக் கட்சிக்கும் அந்தக் கட்சிக்கும் மாறி மாறிப் போனதே தவிர, இராஜாங்கம் அசையவில்லை.

இப்போது அசையாமல் கிடக்கிறார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அம்சவல்லி. இராஜாங்கத்தின் ஒரே மகள். பி.எஸ்சி. முடித்தவள். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்ததும் வேலை தேடுவதை விட்டுவிட்டு வயலில் இறங்கியவள். அழுது முடித்த முகம், ஆனால் குரல் உடையவில்லை.

"எங்கப்பா மருந்து குடிக்கல சார். அந்த மூடியை அவரால திறக்கவே முடியாது. சட்டைப் பட்டனே நான்தான் போட்டு விடுவேன். பார்க்கின்சன்னு தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்னாங்க."

"யாரோ ஏமாத்திக் குடுத்தாங்கன்னு சொல்றியாம்மா?" என்றார் ரெத்தினம். "இந்த நாத்தம் ரோடு வரைக்கும் வருது. தெரியாமலா குடிச்சாரு?"

"அவருக்கு வாசனையே தெரியாது."

மீரா உசேன் நடப்பதை நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"மூக்கு செத்துப்போச்சு சார். ரொம்ப வருஷமா. வீட்டுக்குள்ள கருவாடு வறுத்தாக்கூடத் தெரியாது. அடுப்புல பால் பொங்கித் தீஞ்சாலும் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. வெளியில சொல்ல வெக்கப்பட்டாரு. எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அப்பா கோழை இல்லை என்று ஊருக்குச் சொல்ல வந்தவள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

வரப்பில் நின்ற சாமிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீ ஒண்ணும் பேசாத. சித்தப்பா இருக்கேன்ல."

* * *

"மகளேதான்யா" என்றார் டி.எஸ்.பி. ஃபோனில். "வாசனை தெரியாதுன்னு தெரிஞ்சவ அவ ஒருத்தி. காலையில கடைசியா அப்பனைப் பாத்தவளும் அவதான். கைநடுங்கிக் கிழவனை எத்தனை நாளைக்குக் கட்டி மேய்ப்பா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ரிமாண்ட் பண்ணு."

"பஞ்சநதத்தை விசாரிக்கணும் சார்."

"அவரு இன்னிக்குக் கும்பகோணத்துல ஒரு கல்யாணத்துல இருந்தாரு."

"சாட்சி?"

"பந்தியில பக்கத்து இலையில நான்தான்யா உக்காந்திருந்தேன்."

அதற்கு மேல் அதைப் பேசுவது உத்தியோகத்துக்கு நல்லதில்லை.

இருந்தாலும் மீரா உசேன் பஞ்சநதத்தைப் போய்ப் பார்த்தார். மனுஷர் வெள்ளை வேட்டியில், மிக நிதானமாக, மிக வருத்தமாக இருந்தார்.

"ராஜாங்கம் நல்ல மனுஷன் சார். கேஸ் வேற, மனுஷன் வேற."

"இப்ப நிலம் என்ன ஆகும்?"

"வாரிசு உழைச்சா வாரிசுக்கு."

"வாரிசு ஜெயிலுக்குப் போனா?"

"சட்டம் என்ன சொல்லுதோ அது" என்றார் பஞ்சநதம். சட்டம் என்ன சொல்லும் என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். தரிசு என்று எழுதி, குத்தகையை ரத்து செய்து, நிலம் அவர் கைக்கு வரும். அப்புறம் அது மனைப்பிரிவு. மற்ற குத்தகைக்காரர்களெல்லாம் ஒவ்வொருவராக விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். முரண்டு பிடித்தது இராஜாங்கம் மட்டும்தான்.

வெளியே வந்ததும் மீரா உசேன் சட்டைப்பையைத் தடவினார். பழக்கம். பையில் கிராம்பு மட்டும்தான் இருந்தது.

* * *

மறுநாள், தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் ஆனந்தவல்லியின் அறைக்கு வெளியே நோயாளிகள் வரிசை. உள்ளே மின்விசிறியின் கீழே இன்ஸ்பெக்டர் உட்காராமல் நின்றார்.

"உக்காருங்க சார். நீங்க நடக்கறதைப் பாத்தா எனக்கே நடுக்கம் வருது."

உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"நடுக்கம் எதனால டாக்டர் வருது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம். உடம்பு நம்ம சொல்றபடி அசையணும்னா அது வேணும். அதைத் தயாரிக்கறதுக்குன்னே கொஞ்சம் நரம்பு செல்கள் இருக்கு. மிஞ்சின டோபமினை அந்த செல்லே உடைச்சு வெளியேத்தும். உடைக்கும்போது நடுவுல ஒரு விஷம் உண்டாகும்."

"நம்ம மூளைக்குள்ளயே விஷமா?"

"எல்லார் மூளையிலயும். உங்க மூளையிலயும் இப்ப உண்டாகிட்டிருக்கு. உடனே ஒரு என்சைம் வந்து அதை ஒண்ணுமில்லாம ஆக்கிடும். அந்த என்சைம் படுத்துக்கிட்டா விஷம் செல்லுக்குள்ளயே தங்கிடும். செல் செத்துப்போகும்."

"வடிகால் அடைச்ச வயல்."

"அதேதான். தண்ணி பாஞ்சாத்தான் பயிர். அதே தண்ணி வடியலைன்னா பயிர் அழுகிடுது. இப்படித்தான் சாகுதுன்னு முடிவா சொல்ல இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா நெல்லுக்கு அடிக்கிற மருந்துல சிலது அந்த என்சைமையே பூட்டிடுதோன்னு பலமான சந்தேகம் இருக்கு. எங்கிட்ட வர்றவங்கள்ல எத்தனை பேரு டெல்டாவுல மருந்தடிச்சவங்கன்னு பாத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. பேனாவை மேஜையில் போட்டார்.

"கை நடுங்கும்போது பாதி செல் செத்திருக்கும் சார். அதுக்கப்புறம் நான் மாத்திரை குடுக்கறேன். செத்ததை எழுப்ப என்கிட்ட மாத்திரை இல்ல."

"அப்ப நடுக்கம் மொத அறிகுறி இல்லையா?"

"நிறையப் பேருக்கு மூக்குதான் மொதல்ல. நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை போயிடும். கொஞ்சம் கொஞ்சமாப் போறதால அவங்களுக்கே தெரியாது. கூட இருக்கறவங்க சொன்னாத்தான் உண்டு. ராஜாங்கத்துக்கு அம்சவல்லி சொன்னா."

ஃபோன் அடித்தது. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர்.

மீரா உசேன் கேட்டார். "ம்" என்றார். "ம்?" என்றார். வைத்தார்.

"வயித்துல டீயோட ஏலக்காய் தோல் இருந்துச்சாம். நல்லா தட்டிப் போட்டது."

"நாத்தத்தை மறைக்கப் போட்டிருப்பாங்க" என்றார் ஆனந்தவல்லி.

"ஆமா..."

இன்ஸ்பெக்டரின் கால் ஆடுவது நின்றது.

"டாக்டர், வாசனையே தெரியாத மனுஷனுக்கு எதுக்கு நாத்தத்தை மறைக்கணும்?"

ஆனந்தவல்லி அவரையே பார்த்தார்.

"அவருக்கு மூக்கு இல்லைங்கறது அம்சவல்லிக்குத் தெரியும். அவளுக்கு ஏலக்காய் தேவையே இல்ல. ஏலக்காய் போட்டவனுக்கு அது தெரியாது."

"ஆனா சார், எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்த மருந்து நாத்தம் அடங்காதே. கலந்தவன் மோந்து பாத்திருக்க மாட்டானா?"

நல்ல கேள்வி. இன்ஸ்பெக்டர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். எழுந்தார்.

"ஒண்ணு செய்யுங்க" என்றார் டாக்டர். "ராஜாங்கத்தோட சேந்து மருந்தடிச்சவங்க ஊர்ல இருந்தா என்கிட்ட அனுப்புங்க. முன்னாடியே பாத்தா நல்லது."

* * *

சாயங்காலம். ஜீப்பின் பின்சீட்டில் அம்சவல்லி. பக்கத்தில் பெண் கான்ஸ்டபிள் கண்ணாத்தாள். மேஜிஸ்திரேட் வீட்டுக்குப் போகிற ரோடு.

டி.எஸ்.பி. ஏலக்காய்க் கதையை நம்பவில்லை. "ஏலக்காய் அவ வீட்டு டப்பாவுலயும் இருக்கும், போ" என்று வைத்துவிட்டார்.

"நீங்க வீட்டுல டீக்கு ஏலக்காய் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார் மீரா உசேன்.

"வாங்கறதே இல்ல சார். அப்பாவுக்குத் தெரியாத வாசனையை நான் மட்டும் குடிக்கறதுக்கு மனசு வரல."

அடுத்து அவளே கேட்டாள்.

"நாளைக்குக் காலையில வி.ஏ.ஓ. வயலைப் பாக்க வர்றாரு. ஆள் இல்லன்னா தரிசுன்னு எழுதிடுவாரு. என்னை எப்ப விடுவீங்க?"

மீரா உசேன் வாட்ச்சைப் பார்த்தார்.

"சங்க ஆபீஸ்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க ரெத்தினம். ஜாமீன் விஷயமா சாமிதுரைகிட்ட சொல்லிட்டுப் போயிடலாம்."

ஓட்டுக் கட்டடம். வாசலில் கொடிக்கம்பம். உள்ளே சாமிதுரை மட்டும் தனியாக இருந்தார்.

"வாங்க சார். வா பாப்பா. எங்க ஆளுங்க எல்லாரும் காலையிலேர்ந்து திருவாரூர்ல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல. நானும் கிளம்பிக்கிட்டே இருக்கேன். பஞ்சநதத்தை உள்ள தள்ளாம ஓயமாட்டோம்."

"ஒரு சின்ன விஷயம் தலைவரே. ராஜாங்கத்தோட சேந்து மருந்தடிச்சவங்க யாராவது இருக்காங்களா? டாக்டரம்மா பாக்கணுமாம்."

"நான்தான் சார்." சாமிதுரை மார்பில் கை வைத்தார். "பண்ணையில அப்ப நாங்க ரெண்டு பேருந்தான் மருந்தடிக்கறவங்க. குலைநோய் வந்துட்டா ஒரு வாரம் டாங்கை முதுகை விட்டு இறக்க மாட்டோம். மூஞ்சில துணி கட்டமாட்டோம். வெறுங்கையாலதான் கலக்குவோம். அவன் போயிட்டான். உக்காருங்க, ஒரு வாய் டீ சாப்பிடுங்க."

அலமாரியிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தார். தக்கையைப் பிடுங்கினார். டம்ளர்களில் ஊற்றினார்.

ரெத்தினம் ஒரு அடி பின்வாங்கினார்.

கண்ணாத்தாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மீரா உசேன் டம்ளரை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார்.

அதே நாற்றம்.

சூட்டில் தக்கையிலிருந்து கிளம்பி வருகிறது. மருந்தடிக்கிற பருவமாக இருந்தால் ஊரே அப்படித்தான் நாறும்; யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் இந்த வருஷம் செம்பியநத்தத்தில் ஒரு நாற்றுகூட நடவில்லை. மருந்து பாட்டிலைத் திறக்க யாருக்கும் வேலையே இல்லை.

அவர் குரலை மாற்றவில்லை.

"ஏலக்காய் போட்டிருக்கீங்க போல."

"ஆமா சார். நம்ம டீன்னா அப்படித்தான். நல்லா மணக்குதுல்ல?"

சொல்லிக்கொண்டே சாமிதுரை தன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க தலைவரே."

"ஏன் சார்?"

"திரும்பிப் பாருங்க."

சாமிதுரை திரும்பினார். ரெத்தினம் கதவுக்கு வெளியே நின்றார். கண்ணாத்தாளின் கை மூக்கிலிருந்து இறங்கவில்லை. அம்சவல்லி சுவரோடு ஒட்டி நின்றாள். நேற்றுக் கொட்டகையில் மோந்த நாற்றம் அவளுக்கு மறக்கவில்லை. அவள் கண் ஃபிளாஸ்க்கை விட்டு நகரவில்லை.

டம்ளரை மூக்கடியில் வைத்து சாமிதுரை ஆழமாக இழுத்தார். மறுபடி இழுத்தார். முகத்தில் முதல் முறையாக ஒரு பயம்.

"பாப்பா... நாறுதா?"



"நாறுது சித்தப்பா."

ஃபிளாஸ்க் அவர் கையிலிருந்து நழுவியது. ரெத்தினம் பாய்ந்து பிடித்தார். சர்வீஸில் அவர் அவ்வளவு வேகமாக எதற்கும் பாய்ந்ததில்லை.

"சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவினேன் சார்" என்றார் சாமிதுரை. குரலில் மைக்செட் இல்லை. "மோந்து பாத்தேன். ஒண்ணுமே வரல. சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"கலக்கும்போதும் மோந்து பாத்தீங்க."

"பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஏலக்காய் அடக்கிடுச்சுன்னு நெனச்சேன். அவனும் ஒண்ணும் சொல்லாம குடிச்சானா... சரியாத்தான் போட்டிருக்கோம்னு..."

டாக்டரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூக்கில்லாத ஒருவர் கலந்திருக்கிறார், மூக்கில்லாத இன்னொருவர் குடித்திருக்கிறார். நடுவில் ஊரெல்லாம் நாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

"ஏன்?" என்றாள் அம்சவல்லி.

சாமிதுரை அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"பஞ்சநதம் என்னைக் கூப்பிட்டுப் பேசுனாரு. எல்லாரையும் விட்டுக்குடுக்கச் சொல்லிச் சம்மதிக்க வெச்சா, மெயின் ரோட்டுல எனக்கு இடம் தர்றேன்னாரு. ஒத்துக்கிட்டேன். மத்தவங்க எல்லாரும் என் பேச்சைக் கேட்டாங்க. ராஜாங்கம் மட்டும் கேக்கல. பண்ணை வீட்டுக் கொல்லை வழியா நான் வர்றதைப் பாத்துட்டான். வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேக்கறேன்னான். முப்பது வருஷமா தலைவரே, தலைவரேன்னு கூப்பிட்ட சனம் சார். அந்தப் பேரு போயிட்டா நான் எங்க போவேன்?"

"கொல்லச் சொன்னது பஞ்சநதமா?"

"இல்ல. அவருக்குத் தெரியாது. நானாத்தான்..."

அம்சவல்லி அருகில் வந்தாள். கண்ணாத்தாள் தடுக்கப் போனாள். மீரா உசேன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அப்பாவுக்கு மூக்கு நல்லா இருந்திருந்தாலும் குடிச்சிருப்பாரு சித்தப்பா. நீங்க குடுத்ததுன்னு குடிச்சிருப்பாரு."

அதற்கப்புறம் அவள் அழுதாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும் வந்தது. சாமிதுரை துண்டை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார். பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மேஜையில் இருந்த அவருடைய வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, எதையோ உருட்டுவதுபோல மெல்ல நடுங்கியது. அது பயத்தில் வந்த நடுக்கமா என்று மீரா உசேன் பார்த்தார். கைகளில் விலங்கு பூட்டிய பிறகும் அந்த ஒரு கை மட்டும் நிற்கவில்லை.

"இது எத்தனை நாளா தலைவரே?"

"எது சார்?"

அவருக்கு அதுவும் தெரியவில்லை.

"ரெத்தினம், ஆம்புலன்ஸை வரவெச்சு இவரை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இதே ஃபிளாஸ்க்குல டீ குடிச்சிருப்பாரு. அப்புறம் தஞ்சாவூர் டாக்டரம்மாகிட்ட டோக்கன் போடுங்க."

"கொலைகாரனுக்கா சார்?"

"ஆயுள் தண்டனை குடுக்கணும்னா ஆயுள் இருக்கணும்ல."

ஜீப் மேஜிஸ்திரேட் வீட்டு ரோட்டை விட்டுச் செம்பியநத்தம் பக்கம் திரும்பியது. அம்சவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் வி.ஏ.ஓ. வருவதற்குள் வரப்பு வெட்ட மண்வெட்டியைத் தேடி எடுக்க வேண்டும் என்று கண்ணாத்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது. டி.எஸ்.பி.

"என்னய்யா, அந்தப் பொண்ணை ரிமாண்ட் பண்ணியாச்சா?"

"இல்ல சார். ஆளை மாத்திட்டேன். சாமிதுரை."

"சங்கத் தலைவரா? உனக்கென்ன பைத்தியமா? ஊரே கொளுத்திடும்யா. ஆதாரம் என்ன வெச்சிருக்க? சொல்லு."

"ஃபோன்ல வராது சார். நேர்ல வாங்க... வரும்போது மூக்கை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க."